நாவலூரில் ஒரு பியர், இரண்டு கிராம்பு

திட்டம் முழுக்க என்னுடையது. என் கணவர் சேகர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்பினார். சென்னையிலிருந்து விமானம், தைப்பூசத்துக்கு மறுநாள் இரவு 7.40-க்கு. தைப்பூசம் எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் ஒரு நாள் முன்னதாகவே போய், ஊர் சுற்றிவிட்டு வழியனுப்பலாம் என்றேன். கூடவே ஒரு நிபந்தனை போட்டேன். நாவலூரில், சிறிய அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பியர் தரும் ஒரு ஹோட்டலில், என் எதிரே உட்கார்ந்து அவர் குடிக்க வேண்டும். பதினான்கு வருடமாக நண்பர்களோடு குடித்துவிட்டு, கிராம்பை மென்றுகொண்டே வீட்டுக்குள் நுழைவார். எனக்கும் மாமியாருக்கும் தெரியாதாம்! அந்த மேசையில் அப்படி என்னதான் பேசுவார் என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும் எனக்கு.

திருச்சியில் காலை 6.50-க்கு ஏறி 11.35-க்குத் தாம்பரத்தில் இறங்கினோம். கிழக்குத் தாம்பரத்தில் அறை 1,800 ரூபாய். மதியம் மேற்கே சண்முகம் சாலைக்குப் போனோம். பேரம் பேச வெட்கப்படாதவர்களுக்கு அருமையான கடைத்தெரு. இரண்டு கைலி 560, இரண்டு லிட்டர் குக்கர் 1,150, அப்புறம் பருப்புப் பொடி, ஊறுகாய். நான் விலையைக் குறைத்தேன், அவர் பையைத் தூக்கினார்.

ஐந்து மணிக்கு நாவலூருக்கு ஆட்டோ பிடித்தோம். 22 கிலோமீட்டர், 480 ரூபாய். “எங்கக்கா?” என்று டிரைவர் கேட்டபோது பியர் குடிக்க என்று சொல்ல வாய் வரவில்லை. “ஹோட்டலுக்கு, சாப்பிட” என்றேன். போய் இறங்கினால் பார் கதவில் பூட்டு.

“இன்னாக்கா, ஏறும்போதே சொல்லக் கூடாதா? இன்னிக்கு தைப்பூசம், வள்ளலார் நாளு. ஊர் ஃபுல்லா பாரு மூடிக்கீது” என்று டிரைவர் சிரித்தார்.

விடுமுறையைப் பார்த்த நான், அது மதுக்கடைகளுக்கும் விடுமுறை என்பதைப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு இருந்த ஒரே மாலையைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. சேகர்தான், “நாளைக்கு பதினோரு மணிக்குத் தொறப்பாங்கல்ல?” என்றார்.

மறுநாள் பெட்டிகளோடு 11.30-க்கே போய்விட்டோம். கோதுமை பியர் ஒரு கிளாஸ் 450, நெத்திலி வறுவல் 380. நெத்திலியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் செய்யலாம். அவருடைய கிளாஸில் நானும் நாலு வாய் குடித்தேன். லேசான புளிப்பு, ஆரஞ்சுத் தோல் வாசனை, கடைசியில் கொஞ்சம் கசப்பு. எனக்குப் பிடித்திருந்தது.

முதல் பாதி கிளாஸ் வரை நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

“அங்க போறது எனக்கு பயமா இருக்கு. மூணு மாசமா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ குக்கர் வரைக்கும் வாங்கிட்டே. எப்படிச் சொல்றது?”

“எனக்கும் பயம்தாங்க. அதனாலதான் இவ்ளோ வாங்குறேன்” என்றேன். கிளாஸ் காலியான பிறகும் இரண்டு மணி நேரம் பேசினோம். அந்த மேசையில் பேசுவது என்னவென்று தெரிந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தைப்பூசம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். டிரைவரிடம் போகிற காரியத்தைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாவலூரிலிருந்து விமான நிலையத்துக்கு கார் 700 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வழியனுப்பிவிட்டு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினால், தாம்பரத்தில் திருச்சி ரயிலைப் பிடித்துவிடலாம்.

காரில் சேகர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கிராம்பை எடுத்தார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“வீட்ல அம்மா இருக்காங்க” என்றார்.

திருச்சி ரயில் ஸ்ரீரங்கம் தாண்டும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.