நான் தேனீ வேலை பார்த்த நாலு நாள்

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தேன். புழு என்று யார் வந்தாலும் இருப்பதிலேயே கடுமையான மருந்தை எடுத்துக் கொடுப்பேன். நம் கடை மருந்துக்கு ஓர் உயிரும் தப்பாது என்று பெருமை வேறு.

இடைசெவல் பெருமாள்சாமி அண்ணாச்சி சூரியகாந்திக்கு மருந்து கேட்டார். பூத்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. பூத்து நின்ற காட்டில் காலை வெயிலில் அடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் வந்து, துண்டில் முடிந்திருந்ததை மேசையில் அவிழ்த்தார். அத்தனையும் செத்த தேனீக்கள்.

“புழு செத்துச்சு. கூடவே இதுவும் செத்துச்சு. இனி பூவுக்குப் பூ தூளை எவன் கொண்டு போவான்? எல்லாம் உள்ள பருப்பில்லாம பொக்காத்தான் போவும். பூவையெல்லாம் துணிய வச்சுத் தேய்க்கணும்னு வெவசாய ஆபீசர் சொல்லுதாரு. மருந்து குடுத்தவரும் வரட்டும்.”

வாடிக்கை போய்விடுமே என்று முதலாளிக்குப் பயம். “போய்த் தேய்ச்சிட்டு வாலே” என்றார்.

கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு, குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோல் ஒவ்வொரு பூவையும் தடவ வேண்டும். முதல் நாள் ஆறு வரிசைகூடத் தாண்டவில்லை. மூக்கெல்லாம் மஞ்சள். அண்ணாச்சியின் மனைவி லட்சுமியக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“இந்தத் தேனீ பறக்கவும் மாட்டேங்கு, தேனும் எடுக்க மாட்டேங்கு. டீ மட்டும் ரெண்டு தடவை கேக்குது.”

நாலாம் நாள், நான் தேய்க்கப்போன பூவில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. கையை எடுத்துவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அது பறந்த பக்கமே அக்கா போனார். ஓடையோர உடைமரப் புதருக்குள் ஒரு சின்னக் கூடு, எப்படியோ தப்பியிருந்தது. அடுத்த வெள்ளாமையில் இன்னும் நாலு வரிசை விதைக்கலாமென்று அண்ணாச்சி அந்த வாரம் வெட்டித் தீ வைக்க இருந்த புதர் அது.

“என்ன, வெட்டுதியளா?” என்றார் அக்கா.

“அது கெடந்துட்டுப் போவுது. நீ சோலியப் பாரு.”

அறுவடையில் பாதிக்குமேல் பொக்கு. ஓடைப் பக்கத்து வரிசைகளில்தான் மணி நன்றாகப் பிடித்திருந்தது. நாங்கள் கைவலிக்கத் தேய்த்ததெல்லாம் மறுபக்கம்.

அதன்பின் யார் மருந்து கேட்டாலும் “பூத்துட்டா?” என்றுதான் முதலில் கேட்பேன். பூத்திருந்தால் கொடுக்க மாட்டேன். அடித்தே ஆகவேண்டும் என்றால், வீரியம் குறைந்ததைக் கொடுத்து, தேனீ கூடடைந்தபின் சாயங்காலம் அடிக்கச் சொல்வேன். முதலாளி கத்துவார்: “நீ எனக்கு வேலை பாக்கியா, தேனீக்கு வேலை பாக்கியா?”

தேனீ வேலையையும் நாலு நாள் பார்த்தவன் நான். அது எனக்கு வரவில்லை. தெரிந்தவர்களே பார்க்கட்டும் என்று வழிவிட்டேன், அவ்வளவுதான்.