ஒன்பது ஒயருக்கு ஒன்பது ஃப்யூஸ்

படகுகளுக்கு மின்வேலை பார்க்கும் செவஸ்தி கை வைத்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும் என்பது கிரேக்கத் தீவான கலிம்னோஸின் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சக்கெலாரிஸின் மீன்பிடிப் படகிலும் அதுதான் நடந்தது. பேட்டரியின் எட்டு லித்தியம் செல்களையும் அரை நாளில் கோத்துவிட்டாள். ஒவ்வொரு செல்லின் நிலவரத்தையும் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று அட்டைக்குச் சொல்லும் ஒன்பது மெல்லிய ஒயர்கள்தான் மீதி இரண்டரை நாளையும் தின்றன. ஒவ்வொன்றுக்கும், செல்லை ஒட்டியே, விரல் நகம் நீளத்தில் ஒரு கண்ணாடி ஃப்யூஸ்.

"ஏம்மா, எல்லாத்தையும் அட்டைப் பக்கம் வரிசையா வச்சுட்டுப் போயேன். உள்ள தலைய விட்டுக்கிட்டு என்ன தவமா பண்றே?" என்றார் சக்கெலாரிஸ்.

"அங்க வச்சா அட்டை பொழைக்கும்ண்ணே, நடுவுல எங்கயாவது உரசினா ஒயர் பத்திக்கும். கீழ பூரா டீசல் ஊறின பலகை."

"எங்கப்பா காலத்துல ஃப்யூஸே கிடையாது!"

"லித்தியமும்தான் கிடையாது."

தன் முதல் வேலையில் அவளும் அட்டைப் பக்கம்தான் வைத்தாள். உள்ளங்கைத் தழும்பு அன்று கிடைத்தது.

அக்டோபரில் ஒரு மத்தியானம் சக்கெலாரிஸ் கரையேறியதுமே கத்தினார். "நடுக்கடல்ல உன் அட்டை எல்லாத்தையும் நிறுத்திடுச்சு! வலையைக் கையால இழுத்து இடுப்பே போச்சு!"

துறைமுகம் முழுக்கக் கேட்டது. இனி ஒரு படகுக்காரனும் தன்னைக் கூப்பிட மாட்டான் என்று செவஸ்திக்குத் தோன்றியது. படகில் இறங்கி பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள்.

நான்காவது ஒயர் என்ஜின் அதிர்வில் இரும்புப் பட்டையில் உரசி, தோல் போய், செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பலகையில் ஒரு கருப்புப் புள்ளிகூட இல்லை. செல்லை ஒட்டி இருந்த ஃப்யூஸ் மட்டும் செத்திருந்தது; அந்த ஒயரில் சேதி வராமல் போகவே அட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒயரை இறுக்கிக் கட்டாதது என் தப்புண்ணே. ஃப்யூஸ் அதைப் பாத்துக்கிச்சு."

"இது இல்லேன்னா?"

"ஒயர் நெருப்பா செவந்திருக்கும்."

"நானும் தம்பியும் உள்ளதான் இருந்தோம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அதை இங்க குடு."

கடலில் வீசப்போகிறார் என்று நினைத்தாள். அவர் சுக்கான் அறைக்குப் போனார். அங்கே கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாஸின் படத்தைச் சுற்றி, நேர்த்திக்கடனுக்குக் கட்டிய வெள்ளித் தகடுகள் தொங்கின. கண், கால், குழந்தை, படகு என்று ஒவ்வொன்றிலும் ஓர் உருவம். அவற்றின் நடுவே தூண்டில் நரம்பால் அந்தச் செத்த ஃப்யூஸைக் கட்டி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

செவஸ்தி புது ஒயர் போட்டு, இந்த முறை இறுக்கிக் கட்டினாள். மனசுக்குள் அவளும் அந்தப் பொடி ஃப்யூஸுக்கு நன்றி சொன்னாள்.

மறுவாரம் சக்கெலாரிஸ் தன் தம்பியின் படகுக்கு அவளைக் கூப்பிட வந்தார்.

"மூணு நாள் ஆகும்ண்ணே," என்றாள்.

"அஞ்சு நாள் எடுத்துக்கோம்மா."