பென்ஸுக்குக் கட்டிய கொசுவலை

கழற்றிய நட்டை இஞ்ஞாசி ஒருநாளும் தரையில் வைத்ததில்லை. பக்கத்து ஸ்டூலில் முட்டை அட்டை ஒன்று இருக்கும், முப்பது குழி. முதலில் கழன்றது இடது கோடியின் முதல் குழிக்குப் போகும். அதற்கு முன் பனியன் ஓரத்தில் ஒரு சுற்றுத் துடைப்பார், மரையில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார், பிறகு அதுவும் முட்டைதான் என்பதுபோல மெதுவாகக் குழிக்குள் விடுவார். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வருவார். அட்டை காலியானால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

"முட்டைக்காக வாங்குறமா, அட்டைக்காக வாங்குறமான்னே தெரியல. இருக்கறது ரெண்டு வாயி, முப்பது முட்டையை என்னங்க பண்றது?" என்பாள் அவர் மனைவி அமலராணி.

மின்துறையில் ஒயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் இஞ்ஞாசி. பதினொரு வருஷத்துக்கு முன் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு வீட்டுக்கு மீட்டர் மாற்றப் போனபோது, பின்கட்டு ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த வெள்ளை பென்ஸைப் பார்த்தார். தொண்ணூற்றைந்தாம் வருஷத்து வண்டி. வீட்டுக்காரர் முகம்மது இப்ராஹிம் சிங்கப்பூரில் மகனோடு இருக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கோழியையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போனாலும் சரிதான் தம்பி, எடத்தைக் காலி பண்ணிக் குடுங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்த வண்டியில் வேறு மெக்கானிக் கை பட்டதில்லை. எண்ணெய் மாற்றுவது, பிளக் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் இஞ்ஞாசியே கற்றுக்கொண்டார். எண்ணெய் வடிக்கும் திருகின் செப்பு வாஷரை அமலராணியின் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கித் திரும்ப மாட்டுவார். ஊர்த் தண்ணீர் உப்பு. அதனால் படுக்கையறை ஏசி சொட்டும் நீரைக் கேனில் பிடித்து வைத்து, கூலன்ட்டோடு கலந்து ரேடியேட்டருக்கு ஊற்றுவார். டார்ச் பிடிப்பது அமலராணி. அவர் கை போகும் இடத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே வெளிச்சம் போயிருக்கும். அவர் ஒவ்வொரு பாகத்தையும் காட்டி விளக்கிக்கொண்டே இருப்பார். அவள் "உம்" கொட்டுவாள். அவள் கவனம் முழுக்க அடுப்பில் இருக்கும் குழம்பில் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் அமலராணிக்கு இதயத்தில் வால்வு ஆபரேஷன் ஆனது. ஒவ்வொரு தை மாதமும் தஞ்சாவூருக்குப் போய்க் காட்ட வேண்டும். பஸ் குலுக்கல் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை. பென்ஸ் சீட்டில் சாய்ந்தால் நீடாமங்கலம் வரை தூங்கிக்கொண்டே வருவாள். அதுவரை ஆசைக்கு வைத்திருந்த வண்டி, அதன்பிறகு அவளுக்கான வண்டியாகிவிட்டது.

போன தையில்தான் அந்த அவமானம் நேர்ந்தது. அறுவடைச் சமயம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். பதரும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டரில் அப்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறி, பானெட் புகைந்து வண்டி நின்றது. இரண்டு மணி நேரம் அமலராணி ஒரு பெட்டிக்கடை வாசலில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

புதுச்சேரியில் டீச்சராக இருக்கும் மகள் ஜெமிமா அந்த வாரமே வந்துவிட்டாள்.

"அப்பா, நான் சண்டை போட வரல. இன்னொரு தடவை முள்ளு ஏறுச்சுன்னா வித்துடணும். சின்ன வண்டி புதுசா ஒன்னு எடுத்துக்குவோம். அம்மா தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"அவ தலையில எதுக்கு? என் தலையில அடிச்சுக்கிறேன்."

"அம்மா தலையிலதான்."

அவர் அமலராணியின் தலையில் கை வைத்துச் சொன்னார். பழைய காரை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் கும்பகோணத்து ஆளின் நம்பரைக்கூட ஜெமிமா அவர் போனில் ஏற்றிவிட்டுத்தான் போனாள்.

இந்த வருஷப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே இஞ்ஞாசி வேலையைத் தொடங்கிவிட்டார். எண்ணெய், பில்டர், பெல்ட், ஓஸ், எல்லாம் புதிது. ரேடியேட்டரை இறக்கி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தகடு தகடாகக் கழுவினார். கடைசியாக, பதர் உள்ளே வராமலிருக்க ஒரு யோசனை பிடித்தார். பழைய கொசுவலையை நாலாக மடித்து, முன்கிரில்லுக்குப் பின்னால் கம்பி கொண்டு இழுத்துக் கட்டினார்.

"கொசுவே நுழையாது, பதரு எங்க நுழையப் போவுது?" என்றார்.

அமலராணி டார்ச்சை அணைக்காமல் வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காத்து நுழையுமா?" என்றாள்.

"ஏன் நுழையாது? நம்ம அதுக்குள்ளதான படுத்து மூச்சு விட்டோம்."

விடிகாலையில் கிளம்பினார்கள். போன ஆகஸ்டில் கண் ஆபரேஷன் ஆனபிறகு அவருக்குத் தூரத்து பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரியும். மூக்குக்கு முன்னால் இருக்கும் முள்தான் கலங்கல். அதைப் படிக்கும் வேலை அமலராணியுடையது.

"முள்ளு எங்க நிக்கிது?"

"எண்பதுலதான். ரோட்டைப் பாருங்க."

திருவாரூர் தாண்டியதும் பதர் பறக்க ஆரம்பித்தது. எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று சாலையையே மறைத்துக்கொண்டு போனது. சற்று நேரத்தில் அமலராணி நெளிந்தாள்.

"ஏங்க, அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க. அவசரம்."

போனவள் இருபது நிமிஷம் வரவில்லை. வந்து உட்கார்ந்ததும், "இன்ஜினை ஆப் பண்ணித்தான வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். கொரடாச்சேரியில் மறுபடி. நீடாமங்கலத்தில் மறுபடி. அம்மாபேட்டைக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில், யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமலே உள்ளே போய்விட்டு வந்தாள்.

இஞ்ஞாசி அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா பண்ணுது? ஒடம்பு சரியில்லையா?"

"ஒன்னுமில்ல. ஏசியை நிறுத்துங்க, குளிருது."

நிறுத்தினார்.

"இன்னும் குளிருது. சூடு காத்து வரும்ல, அதைப் போடுங்க."

பதினொரு வருஷத்தில் அந்த ஹீட்டரைப் பயணத்தில் யாரும் போட்டதில்லை. அவளுக்குக் குளிர்கிறது என்றதும் மற்ற எந்த யோசனையும் அவருக்கு ஓடவில்லை. ஹீட்டரைத் திருகினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியது, வியர்வை புருவத்தில் இறங்கியது. ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் நெற்றியும் வியர்த்திருந்தது.

"காய்ச்சல் விட்டு வேர்க்குது போல" என்றார்.

"ஆமா ஆமா" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் முன்னால் அவள் வாயைத் திறக்கும் முன்பே இவர் ஒப்பித்துவிட்டார். "நாலு தடவை நிறுத்த வேண்டியதாப் போச்சு டாக்டர். அப்புறம் ஒரே குளிரு."

"நீர் பிரியிற மாத்திரை குடுத்திருக்கேன்ல, அதனால இருக்கும். காலையில போட்டீங்களாம்மா?"

"பிரயாணம்னு போடல டாக்டர்" என்றாள் அமலராணி, கணவனை முறைத்துக்கொண்டு.

டாக்டர் காய்ச்சல் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், சிறுநீரும் பார்க்கச் சொன்னார். ஒரு குறையும் இல்லை. வால்வு நன்றாக வேலை செய்தது.

நிம்மதியோடு வெளியே வந்தபோது வாட்ச்மேன் பென்ஸின் முன்னால் குந்தியிருந்தார். "என்ன சார், காருக்குக் கொசு கடிக்குதா?"

இஞ்ஞாசி படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வலை இருந்த இடத்தில் மெத்தைபோல பதர் அடைத்திருந்தது. விரலை விட்டுக் குத்தினாலும் இறங்கவில்லை. கம்பியை அறுத்து வலையை உருவினார். காற்றே போகாமல் வண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

"பாத்தியா ராணி! இப்படி அடைச்சும் முள்ளு ஏறல. இந்த வண்டி வண்டிதான்."

"அதான் பாத்தேனே" என்றாள் அவள்.

அங்கேயே நின்று ஜெமிமாவுக்கு போன் போட்டார். "முள்ளு எண்பதைத் தாண்டலம்மா. அம்மாவையே கேளு." "சரிப்பா. பாத்து வாங்க" என்று மட்டும் சொன்னாள் ஜெமிமா. திரும்பும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. அமலராணிக்கு அவசரமும் வரவில்லை, குளிரவுமில்லை. டாக்டரைப் பார்த்ததிலேயே சரியாகிவிட்டது என்று இஞ்ஞாசி சந்தோஷப்பட்டார்.

ஈஸ்டருக்கு வந்த ஜெமிமா சொல்லித்தான் அவருக்கு மிச்சம் தெரிந்தது. அன்றைக்கு முள் நாலு தடவை சிவப்பைத் தொடப் போயிருந்தது. நிறுத்திய ஒவ்வோர் இடத்திலிருந்தும் அமலராணி மகளுக்கு போன் போட்டு, முள் இறங்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேட்டிருக்கிறாள். கல்யாண மண்டபத்திலிருந்து கேட்டபோது, யாரையோ விசாரித்து, ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்தவள் ஜெமிமா.