காற்றுப்பையின் மறுபக்கம்

எனக்குக் கதை கட்ட வராது. வந்திருந்தால் இதற்கு ஒரு நல்ல முடிவாவது வைத்திருப்பேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்களுக்குச் சந்தேகம் வரும் இடங்களில் எனக்கும் சந்தேகம்தான்.

1997 நவம்பர். மயிலாப்பூரில் மாலை வகுப்பில் செயற்கைச் சுவாசக் கருவிகளை இயக்கப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் பயிற்சி. அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. அதனால் நேரம் முடிந்தும் அங்கேயே இருப்பேன்.

அன்று தீவிர சிகிச்சை அறையில் ஒரே நோயாளி. கோதண்டபாணி, மீன்பாடி என்னும் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுபவர். கால் புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ரத்த அழுத்தத்தை மருந்துதான் தாங்கிப் பிடித்திருந்தது.

இரவு எட்டே காலுக்கு மழையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை உறுமி அடங்கியது. சுவாசக் கருவியும் நின்றது. நர்ஸ் அஸ்மத்துன்னிசா அவர் வாயிலிருந்த சுவாசக் குழாயில், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையை மாட்டி என் கையில் கொடுத்தார்.

"அமுக்கிக்கினே இருப்பா. டாக்டரைக் கையோட இட்டுக்கினு வர்றேன். நிறுத்திடாத, இன்னா?"

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் இருட்டு.

பயத்தில் வேகமாக அமுக்கினேன். எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றியது. பேட்டரியில் ஓடிய மானிட்டரில் ரத்த அழுத்தம் 88. பிறகு 76. பிறகு 64.

வகுப்பில் அன்றுதான் சொல்லியிருந்தார்கள். கார்பன் டை ஆக்சைடு மிதமிஞ்சினால் ஆபத்து. ஆனால் வேகமாக அமுக்கி அதை ஒரேயடியாக வெளியேற்றிவிட்டாலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். இதயம் ரத்தத்தைத் தள்ளுவதும் குறையும். கொஞ்சம் உடம்பில் தங்க வேண்டும். மெதுவாக அமுக்கு.

தெரியும். கை கேட்கவில்லை.

58.

அப்போது பை இறுகியது.

குழாய் மடங்கியதா? இல்லை. சளி அடைப்பா? முந்தின அமுக்கல் வரை நெஞ்சு சரியாகத்தான் ஏறி இறங்கியது. மறுபடி அமுக்கினேன். பை மசியவில்லை... சில நொடிகள் கழித்துத் தானாக இளகியது. ஹ்ஸ்ஸ்...

மறுபடி இறுக்கம். மறுபடி காத்திருப்பு. ஹ்ஸ்ஸ்...

நான் வேகம் காட்டிய போதெல்லாம் அது தடுத்தது.

66. 74.

பையைப் பார்த்தேன். என் பக்கம் என் விரல்கள். எதிர்ப்பக்கம்...

விரல்கள் பதிந்தது போல நான்கு குழிகள்.

83.

விளக்கு வந்தது. குழிகள் இல்லை.

டாக்டர் வந்து கருவியை மாட்டினார். நான் வெளியே வந்தேன். கோதண்டபாணியின் மனைவி தேவானை இரண்டு டீ கிளாஸ்களோடு நின்றிருந்தார்.

"இந்தா நைனா. இன்னொருத்தரு எங்க?"

"யாரு?"

"உனுக்கு எதிர்ல குந்திக்கினு இருந்தாரே. கண்ணாடியில மூஞ்சிய வச்சு, அந்த மானிட்டர் வெளிச்சத்துல பார்த்தேன். நீ பரபரன்னு அமுக்கற, அவரு நிதானமாப் பிடிக்கிறாரு. பெரிய டாக்டரா?"

இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

கோதண்டபாணி பிழைத்தார். குழாயை எடுத்த அன்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அவரே மூச்சுவிட முயன்றிருப்பார், அதுதான் பை இறுகியிருக்கும். தேவானை இருட்டில் ஏதோ நிழலைப் பார்த்திருப்பார். உறுதி செய்துகொள்ள அஸ்மத்துன்னிசாவிடம் கேட்டேன்.

"அன்னைக்கு இவரு தானாவே மூச்சு விட்டாருல்ல சிஸ்டர்?"

அவர் சிரித்தார்.

"எப்பிடிப்பா விடுவாரு? மெஷின் குடுக்கற மூச்சோட முட்டிக்கினு இருந்தாருன்னு கரண்டு போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தசையெல்லாம் அசையாமக் கட்டிப்போடற ஊசி போட்டோம். ஒரு மணி நேரத்துக்குக் கண்ணிமைகூட அசையாது."