முதல் கியரில் கேட்ட பவர்

1. பூட்டை எடுத்த கார்

"அக்கா, ஏற்கனவே ஒருத்தன்கிட்ட குடுத்து பூட்டை எடுத்தாச்சு. அப்பவும் பத்தல. நீங்க இன்னும் கொஞ்சம் ஏத்தி விடுங்க."

கார் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுக் குமரேசன் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். கார் மனைவிக்காக வாங்கியது. நடுத்தர அளவு டர்போ கார், ஆட்டோ கியர். அவர் மனைவி தேவி அன்று கூடவே வந்திருந்தார். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், கூலாயில் உள்ள இந்த வொர்க்‌ஷாப்பில் கணினி வேலை என்னுடையது. முன்பு செனாயில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்தேன். கார்களுக்குள்ளும் போர்டுகள் பெருகிய பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். ஸ்பேனர் பிடிப்பவர்கள் வேறு. எஞ்சினை நடத்தும் கணினியான இசியூவோடு லேப்டாப்பை இணைத்து, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று படித்துச் சொல்வது நான்.

குமரேசன் 'பூட்டு' என்று சொன்னது ஒரு வரம்பை. பல டர்போ கார்களில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் எஞ்சின் முழு விசையையும் காட்டாது. எவ்வளவு மிதித்தாலும் இசியூ டர்போவின் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் கியர் விழுந்த பிறகுதான் கார் நிஜமாகவே இழுக்கும். எங்கோ ஒரு கடையில் இந்த வரம்பை அழித்து வேறு புரோகிராம் ஏற்றியிருந்தார்கள்.

"எதுக்கு தம்பி எடுத்தீங்க?"

"எங்க வீட்டுப் பக்கம் எஸ்டேட் ரோடு பெரிய ரோட்டுல ஏறுற சிம்பாங் இருக்குல்ல? செம்பனை லாரி சும்மா பறக்கும். தேவி அங்க பயப்படுது. காடி டக்குனு பாயணும். இப்போ வேலைக்கே போகலங்குது. மாசக் கடைசியில நிப்பாட்டிடப் போறாளாம்."

சிம்பாங் என்பது இங்கே ரோடுகள் சேரும் சந்தி, காடி என்பது கார், செம்பனை எஸ்டேட்டின் எண்ணெய்ப் பனை. தேவி கூலாயில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. காலை ஷிப்டுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. கார் ஓட்டினால்தான் வேலை.

தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, பின்னாலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "டியா மாவ் பவர், காசி லா" என்றார் மலாயில். கேட்கிறான் அல்லவா, கொடுத்துவிடு என்று அர்த்தம். வாடிக்கையாளர் கேட்பதைச் செய்து அனுப்புவதுதான் அவருக்குத் தொழில். நான் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

2. பெருக்கிப் பார்க்காத கணக்கு

லேப்டாப்பை இணைத்துப் பார்த்தபோது காரில் பழுது ஒன்றும் இல்லை. குமரேசன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, தேவி பின் இருக்கையில் இருக்க, கடைத் தெருவில் ஒரு சுற்றுப் போனோம். காய்ந்த ரோடு, நேரான ஸ்டியரிங். கார் பாய்ந்தது.

"இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன்.

"அப்போ சிம்பாங்ல மட்டும் ஏன் போக மாட்டேங்குது? காசு குடுத்து வாங்குன பவரை கம்பெனிக்காரன் ஏன் முதல் கியர்ல பூட்டி வைக்கிறான்?"

பலர் என்னிடம் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். எஞ்சினின் திருகுவிசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸ் அதைப் பெருக்கி அனுப்புகிறது. முதல் கியரில்தான் பெருக்கம் மிக அதிகம். மேல் கியருக்குப் போகப் போகக் குறையும். பழைய எஞ்சின்களில் விசை மெல்ல மெல்ல ஏறும். டர்போ எஞ்சினில் சுற்று குறைவாக இருக்கும்போதே மொத்தமும் ஒரே மூச்சில் வந்துவிடும். அதை முதல் கியர் பெருக்கினால் டயரின் பிடி தாங்காது. கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்ட்டும் அடி வாங்கும். முன் சக்கரம் இழுக்கும் காரில் ஸ்டியரிங்கும் கையைப் பறித்துக்கொண்டு ஒரு பக்கம் போகும். அதனால்தான் இசியூ தரை ஏற்கும் அளவுக்கு மட்டும் விடுகிறது.

குமரேசன் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

பின் இருக்கையில் இருந்த தேவியிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை. குமரேசனைப் பக்கத்துக் கடையில் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தேவி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

3. தேவி சொன்னது

நாங்கள் சிம்பாங்குக்குப் போனபோது அந்தப் பக்கம் சற்று முன்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. எஸ்டேட் ரோட்டில் லாரி டயர்கள் இழுத்து வந்த செம்மண் சிம்பாங் வரை அப்பியிருந்தது.

"உங்களுக்கு கார் பத்தலையா?" என்று கேட்டேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லக்கா. இந்த இடத்துல பயமா இருக்குன்னுதான் சொன்னேன். அவரு காடி ஸ்லோன்னு நெனச்சுக்கிட்டாரு." சிம்பாங்கைக் கை காட்டினார். "முன்னாடி பயம் மட்டும்தான் இருந்துச்சு. அதை மாத்துனதுக்கு அப்புறம் காடியே என் பேச்சைக் கேக்கல. ஒரு நாள் மிதிச்சேன், சக்கரம் கத்துது, காடி நடு ரோட்டுல அப்படியே நிக்குது. லாரி ஹார்ன் அடிச்சிட்டே வந்தான். அப்புறம் படக்குனு பாஞ்சு எதிர் ஓரத்துக்குப் போயிருச்சு."

ரோடு இரண்டு பக்கமும் காலியாகும்வரை காத்திருந்து, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து அழுத்தி மிதித்தேன். அவர் சொன்னதேதான் நடந்தது. காரோடு இணைத்து எடுத்து வந்த லேப்டாப் காட்டியது: ஒரு முன் சக்கரம் வெறுமனே சுழன்றது, இன்னொன்று நகரவேயில்லை. சுழல்வதை அடக்க கார் தானாகவே பவரை வெட்டியது. பிடி கிடைத்ததும் அதை மொத்தமாக விட, கார் உதறிப் பாய்ந்தது. தேவி கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் பவர் ஏற்றினால் இது இன்னும் மோசமாகும், அவ்வளவுதான்.

வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, குமரேசனிடம் நடந்ததைச் சொல்லி, அவர் பார்க்கவே கம்பெனியின் அசல் புரோகிராமை ஏற்றினேன். மூவரும் மறுபடி சிம்பாங்குக்குப் போனோம். இம்முறை தேவி ஓட்டினார்.

"பூட்டு இருந்தாலும் இப்படி ஈரமா இருக்கறப்ப காலை ஒரேயடியா போடாதீங்க. அழுத்திக்கிட்டே போங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு லாரி போனது. அடுத்ததும் போனது. பிறகு நல்ல இடைவெளி ஒன்று வந்தது, அதையும் விட்டுவிட்டார். பின்னாலிருந்து குமரேசன், "இப்போ போயிருக்கலாம்ல..." என்று தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்.

தேவி மிதித்தார். கார் பாயவில்லை. இரண்டு முன் சக்கரமும் தரையைப் பற்றி, வளைந்து, தன் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, நேராகி, வேகம் எடுத்தது.

"உனக்காகத்தானே செஞ்சேன்" என்றார் குமரேசன்.

"தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த திருப்பத்தில், "இன்னொரு தடவை போலாமா?" என்று கேட்டது தேவிதான். நான்கைந்து தடவை போய் வந்தோம். தவுக்கேவுக்கு அன்று பெரிய வருமானம் ஒன்றும் கிடைக்கவில்லை. முணுமுணுத்தார், ஆனால் திட்டவில்லை.

4. எண்ணெய் மாற்ற வந்தபோது

சில மாதம் கழித்து தேவி தனியாக எண்ணெய் மாற்ற வந்தார். வேலை சீருடையிலேயே இருந்தார். நேரமாகிவிட்டது, ஷிப்டு இருக்கிறது என்று அவசரப்படுத்தினார்.

"சிம்பாங்ல இப்ப எப்படி?" என்று கேட்டேன்.

"எந்த சிம்பாங்க்கா?" என்றவர், பிறகு ஞாபகம் வந்து சிரித்துவிட்டார்.

இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகள் புரோகிராம் மாற்றுவதை என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பவர் பத்தவில்லை என்று யாராவது வந்தால் உடனே லேப்டாப்பைத் திறக்காதீர்கள். எந்த இடத்தில் பத்தவில்லை, யார் ஓட்டும்போது பத்தவில்லை என்று முதலில் கேளுங்கள். பிறகு அந்த ஆளை ஓட்டச் சொல்லி, அந்த இடத்துக்கே கூடப் போய் வாருங்கள்.