தள்ளிப் போட்ட எட்டு மணி

வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு அறுபது மைல். காலை ஆறு மணிக்கு நெல் லொறியில் ஏறினேன். ஆறு என்றால் எங்கள் ஊர் ஆறு, சூரியன் காட்டும் ஆறு. யுத்தத்துக்காகச் சர்க்கார் மணிக்கூட்டை மாற்றிய நாள்முதல் அந்தப் புது நேரத்தை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. வெயிலுக்கும் சட்டம் போடுவார்களா, என்ன கூத்து!

தம்பி இராசன் திருகோணமலைச் சீனக்குடா விமானத் தளத்தில் மெக்கானிக். மறுநாள் எட்டு மணிக்குச் சென்னைக்கு ஏற்றுகிறார்கள், அங்கிருந்து பர்மாப் பக்கம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். வாசலுக்கு வந்தால் ஒருதரம் பார்க்கலாமாம். அவன் பட்டாளத்தில் சேர்ந்த அன்று சண்டை பிடித்ததோடு எங்களுக்குள் பேச்சு இல்லை. "முகத்தைப் பாத்திட்டு வந்து சொல்லு" என்று அம்மாதான் என்னை அனுப்பினா.

வழியெல்லாம் குழி. ஹொரவப்பொத்தானையில் தேநீருக்கு நின்றபோது சாரதி செல்லையாவிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"ஆகாயத்தாலை முந்நூறு மைல் சொச்சமாம் அண்ணை. ரெண்டு மணித்தியாலத்திலை போயிடுவாங்கள்."

"நாங்கள் அறுபது மைலுக்கு அரைநாளாக் குலுங்கிறம்!"

"இது லொறி அண்ணை, பறக்கச் சொல்லாதேங்கோ."

"எட்டு மணியெண்டால் எந்த எட்டு?"

"புது எட்டாத்தான் இருக்கும். சர்க்கார் மணியை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போட்டதெல்லோ."

தள்ளிப் போட்டது! கலியாணத்தைத் தள்ளிப் போட்டால் பிந்தித்தானே நடக்கும்? அப்படியானால் புது எட்டு, எங்கள் ஒன்பதுக்கு. பழைய எட்டுக்கே போய் நின்றால் எந்த எட்டாக இருந்தாலும் தப்பாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றிரவு திருகோணமலைப் பாலையூற்றில் செல்லையா வீட்டில் தங்கினேன். காலையில் அவருடைய மனைவி புட்டும் சம்பலும் வைத்து, "பிந்தப்போகுது அண்ணை, வெளிக்கிடுங்கோ" என்றா. "கனக்க நேரம் இருக்குப் பிள்ளை" என்று இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு கப்பல்துறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

சீனக்குடா வாசலில் இறங்கும்போது என் கடிகாரத்தில் எட்டுக்கு ஐந்து நிமிடம். வாசலில் பேர் பதியும் கிளாக்கரிடம் தம்பியின் பேரைச் சொன்னேன்.

"இராசனோ? அந்தப் பிளேன் எட்டு மணிக்கே போயிட்டுதே."

"இப்பதானே எட்டாகுது?"

"இப்ப ஒன்பது. உங்கடை மணிக்கூடு பழசு."

"தள்ளிப் போட்டதெண்டால் பிந்தித்தானே வரவேணும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முள்ளை முன்னுக்குத் தள்ளினது ஐயா. அப்ப எட்டு முந்தியே வந்திடும்." மூன்று தரம் சொன்னார். இன்றுவரை அது எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது: நான் புட்டுக்குக் கை நீட்டிய நேரம் அவன் பறந்துவிட்டான்.

"இராசன் இந்தக் கம்பியடியிலைதான் ஒரு மணித்தியாலமா நிண்டவர். கூப்பிட்டாப் பிறகும் திரும்பித் திரும்பிப் பாத்தவர்."

வாசலிலேயே குந்தியிருந்து அழுதேன். வெட்கம் பார்க்கவில்லை.

செல்லையாவின் லொறியிலேயே திரும்பினேன். பாலையூற்றை விட்டு நாங்கள் வெளிக்கிடமுன்னரே அவன் சென்னையில் இறங்கியிருப்பான். எனக்கு இன்னும் அறுபது மைல் கிடந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஒவ்வொரு குழியிலும் யோசித்தேன்.

அம்மா வாசல் படலையிலேயே நின்றா. "அவன் ஏறுற நேரமெண்டு எட்டு மணிக்குப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினனான். சரிதானே?"

"ஓம் அம்மா. எங்கடை எட்டுக்குத்தான் ஏறினவன்."

"உன்னோடை கதைச்சவனோ?"

"ஓம்" என்றேன். "கனநேரம் கதைச்சவன்."