பில்லில் நான் விட்டவை

ஊட்டியில் வீடுகளின் வெளிப்புறத்தைக் கழுவிக் கொடுப்பது என் தொழில். கூரைப் பாசி, சுவரின் கறுப்பு, நடைபாதை வழுக்கல் எல்லாவற்றையும் மெஷின் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. பூட்டிய பங்களாக்கள், உரிமையாளர்கள் சென்னையிலோ துபாயிலோ. கழுவுமுன் ஒரு போட்டோ, கழுவியபின் ஒரு போட்டோ, கூடவே பில் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பதிலுக்குப் பணமும் ஒரு கட்டைவிரல் படமும் வரும். ‘நன்றி’ என்று எழுதக்கூட மகராசன்களுக்கு விரல் நோகிறது!

மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மெஷின் சத்தம் தவிர வேறெதுவும் என் காதில் விழாது.

பெர்ன்ஹில்லில் ஒரு வீடு மட்டும் வேறு மாதிரி. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஐயாவுக்குப் பில் காகிதத்தில் வேண்டும், நேரில் வேண்டும். கண்ணாடி மாட்டி வரி வரியாகப் படிப்பார். அதற்குள் அம்மா டீ கொடுப்பார். முதல் தடவை நிஜமாகவே தேதி போட மறந்தேன். “அடிச்சுத் திருத்துனது வேண்டாமுங்க. புதுசா எழுதிக் கொண்டாங்க” என்றார். மறுநாளும் போனேன். மறுபடி டீ, அரைமணி நேரப் பேச்சு. மழை, கேரட் விலை, அம்மாவின் மூட்டுவலி. என் வீட்டுப் பேச்சு வராமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அங்கேதான் என் புத்தி கெட்டது. அடுத்த தடவை கேட் கழுவியதை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். அதற்கடுத்து தண்ணீர்த் தொட்டி. பில் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன். ஐயா கண்டுபிடிப்பார், நான் தலையைச் சொறிவேன், மறுநாளும் போவேன்.

போன மாதம் போனபோது பழைய பில்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தார்.

“ஏனுங்க, நானும் எத்தனையோ கணக்குப் பாத்தவன். தப்பு உடறவன் தனக்கு லாபமா உடுவான். நீங்க ஒவ்வொருக்காவும் உங்களுக்கு நட்டமாவே உடறீங்களே?”

வழக்கம்போலத் தலையைச் சொறிந்தேன்.

அம்மா மெதுவாகக் கேட்டார்: “ஊட்டுல ஆரெல்லாம் இருக்காங்க?”

அந்தக் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தருமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம்!

“ஊடு நெறைய ஆளுங்கம்மா. சம்சாரம், மக, பேரப் புள்ளைங்க... அந்தச் சத்தத்துல எழுதினா எதாச்சும் உட்டுப் போயிருதுங்க.”

இருவர் முகமும் தெளிந்தது. ஐயா சிரித்தபடி, விட்டதைத் தன் பேனாவாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். “இத்தன பேர வெச்சுக்கிட்டு எதுக்கு அலையறீங்க? இனிமே போன்லயே அனுப்பிருங்க.”

அன்று டீ இல்லை. பொழுதோடு வீடு போய்ச் சேரட்டும் என்று அம்மா என்னைக் கிளப்பிவிட்டார். கேட் வரை கூடவே வந்தார்.

“சம்சாரத்தக் கேட்டதாச் சொல்லுங்க.”

“சொல்றேனுங்கம்மா” என்றேன்.